கரையோரக் கூண்டு

அது பங்குனியா, சித்திரையா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. ஏரி வற்றி, தண்ணீர் சுட்ட காலம் அது. தோணிரேவு கிராமத்தில் செவ்வந்தி கூண்டில் வளர்த்த நண்டுகள் செத்துக் கிடந்தன.

"புருசன் செத்தவ கை பட்டா வேற இன்னா ஆவும்? கூண்ட கோவிந்தம்மாகிட்ட குடுத்துட்டு ஊட்ல குந்து," என்றார் அவள் கணவனின் அண்ணன் குப்பன். கோவிந்தம்மா அவர் மனைவி.

அந்தக் கூண்டுதான் செவ்வந்தியின் சோறு. "ரெண்டு கூண்டு போடலாம் மாமா. ஒரே நண்டு, ஒரே இரை. ஒண்ணு நான் பாக்கறேன், ஒண்ணு அக்கா பாக்கட்டும்."

விதவையைப் படகில் ஏற்றும் வழக்கமில்லை. அதனால் கோவிந்தம்மாவின் கூண்டு ஆழத்திலும் செவ்வந்தியுடையது கரையோரத்திலும் இறங்கின. செவ்வந்தியின் நண்டுகள் மட்டும் செத்தன.

"இப்ப இன்னா சொல்ற?" என்றார் குப்பன்.

செவ்வந்தி கரையோரத் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தாள்; சுட்டது.

"கையும் வேற, எடமும் வேற. எது கொன்னுச்சுன்னு எப்டி சொல்லுவ மாமா? எடத்த மட்டும் மாத்து. மத்தது அப்டியே இருக்கட்டும்."

"தோத்தவ பேச்சப் பாரு."

"இன்னொரு வாட்டி பாக்க உனக்கு பயமா?"

ஊர் பார்க்க அவளைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. இம்முறை கரையோரத்தில் செத்தவை கோவிந்தம்மாவின் நண்டுகள்.

"எம் புருசன் உசுரோடதான நிக்குது," என்றாள் கோவிந்தம்மா, குப்பனைப் பார்த்து.

செவ்வந்தி இப்போது ஆழத்தில் ஆறு கூண்டுகள் வைத்திருக்கிறாள். கோவிந்தம்மா அவளோடு கூட்டு. குப்பன் இருவருக்கும் படகு ஓட்டுகிறார். தோற்றதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.