முள் காட்டிய எண்

சோதனைக் கணினி மூன்றாம் முறையாகச் செத்து, மறுபடி உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. கருந்திரையில் ஓடும் வெள்ளை வரிகளைப் பார்த்தபடி பொன்செல்வி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கழக்கூட்டத்து மென்பொருள் கம்பெனியில் அவளுக்கு இது ஐந்தாம் மாதம். ஆறு மாத ஒப்பந்தம். பொன்முடி மலையில் தேயிலை எஸ்டேட்டை மூடப்போகிறார்கள். லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அம்மா தாசம்மாளுக்கு நோட்டீஸ் வந்தாயிற்று. வேலை நிரந்தரமானால் மலையடிவாரத்து வித்துராவில் ஒரு வீடு பிடித்து அம்மாவைக் கீழே இறக்கிவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கணினியை அடியிலிருந்து ஆள்கிற கர்னல் நிரலுக்கு, அச்சடித்த தாளில் உள்ள எண்களைக் கொடுத்துப் பார்த்து, 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்திடுவது அவள் வேலை. பத்துப் பதிவுகள், நூறு, பதினாயிரம். தாளில் அதற்குமேல் கிடையாது. ஆனால் நிரலையே படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. பதிவு ஒன்றுக்கு அறுபத்து நான்கு பைட் என்று பெருக்கி, அந்த அளவு நினைவகத்தைக் கர்னல் ஒதுக்குகிறது. பெருக்கிய தொகை முப்பத்திரண்டு பிட்டுக்குள், அதாவது சுமார் நானூற்று இருபத்தொன்பது கோடிக்குள், அடங்குமா என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

டீம் லீடர் பிஜு எல்லைப்பக்கத்துப் பாறசாலைக்காரன், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவான். அவனைக் கூப்பிட்டாள்.

"சாரே, ஆறு கோடியே எழுபத்தொரு லட்சத்து எட்டாயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சு பதிவுன்னு குடுத்துப் பாருங்க. பெருக்குனா இடம் பத்தாம சுத்தி வந்து, வெறும் அறுபத்தி நாலுல நிக்குது. ஒரு பதிவுக்கு இடம் போட்டுட்டு அம்புட்டையும் அதுல கொட்டுது. பக்கத்துல உள்ளதெல்லாம் அழியுது. வெவரம் தெரிஞ்சவன் மெஷினையே கையில எடுத்துருவான்."

இது அவளுக்குப் புதிதல்ல. கொழுந்து நிறுக்கும் வட்டத் தராசில் இருபத்தைந்து கிலோவைத் தாண்டினால் முள் ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி ஒன்றில் வந்து நிற்கும். அம்மா இருபத்தாறு கிலோ கொண்டுபோன அன்று கணக்குப்பிள்ளை நிமிர்ந்தே பாராமல் ஒன்று என்று எழுதினார். கேட்டதற்கு, முள் காட்டுவதைத்தான் எழுத முடியும் என்றார்.

"சரியாணு," என்றான் பிஜு. "பக்ஷே இந்த நம்பர ஆரு குடுப்பா? வெள்ளிக்கிழம டெலிவரி. பக் ஒண்ணு போட்டு வச்சிரு. ஷீட்டுல உள்ளது பாஸ்னா ஒப்பு போட்டுக் குடு, மதி, அது போதும்."

பிழைப் பதிவேட்டில் ஒப்பந்தக்காரர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. லீடரின் பெயரில்தான் உள்ளே போகவேண்டும். பொன்செல்வி பிஜுவின் பெயரில் நுழைந்து, திருத்தவேண்டிய வரி உட்பட ஒரு பக்கம் நிறைய எழுதினாள். பிறகு சோதனைத் தாளில் நீல மையால் தன் பெயரைக் கையெழுத்திட்டாள். இரண்டையும் ஒரே திருப்தியோடு செய்தாள், பாவம்.

அந்த எண்ணைக் கொடுக்க ஒருவன் அடுத்த மாதம் ஜூனிலேயே வந்துவிட்டான். வாடிக்கையாளரின் சர்வருக்குள் அந்த வழியாகவே நுழைந்து எல்லாவற்றையும் திறந்துவிட்டான். மேனேஜர் ஜெஸி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"மே பன்னெண்டாம் தேதியே பிஜு இதக் கண்டுபிடிச்சு, திருத்தமும் எழுதி வச்சிருக்கான். டெஸ்ட்டுல பாஸ்னு வந்ததால திருத்தாம விட்டிருக்கு. இந்த ஷீட்டுல ஒப்பு உன்னோடதல்லே?"

"ஒப்பு என்னோடதுதான் மேடம். பக்கும் நான் எழுதினதாக்கும். சார்ட்ட கேளுங்க."

பிஜு ஜன்னல் வழியே வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் சொல்லித்தான் அவ டைப் பண்ணுனா மேடம்," என்றான்.

"தாள்ல உள்ளதத்தான் எனக்கு நோக்க முடியும்," என்றாள் ஜெஸி. "ஒப்பந்தம் இனி நீட்ட மாட்டோம். இன்னைக்கே போகலாம்."

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று அம்மா சொல்வாள். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் பொன்செல்விக்குத் தெரியவில்லை. வித்துரா வீட்டுக்காரரிடம் வேறு வாக்குக் கொடுத்தாயிற்று.

வாயிலில் காவலாளி நீலகண்டன் வழக்கம்போல அவள் பையை மேசையில் கவிழ்த்தார். ஒப்பந்தக்காரர்கள் பிளாப்பி டிஸ்க்கில் நிரலைக் கடத்திப் போய்விடக் கூடாதென்று தினமும் நடக்கும் சோதனை அது.

"கார்ட இங்க வச்சிட்டுப் போணும் மோளே," என்றார்.

கழற்றி வைத்தாள். அவர் டிபன் பாக்ஸின் மேல் தட்டைத் திறந்து, அவள் தின்னாமல் விட்ட சோற்றை ஸ்பூனால் கிளறிப் பார்த்தார். பின்னால் பிஜுவின் மாருதி வந்து ஹாரன் அடித்தது. நீலகண்டன் ஸ்பூனைச் சோற்றிலேயே குத்திவிட்டு ஓடிப்போய், குறுக்குக் கட்டையைத் தூக்கி சலாம் வைத்தார். வண்டி நிற்காமல் வெளியே போயிற்று. அவர் திரும்பி வந்து கீழ்த் தட்டைத் திறந்தார்.