தொடாதே, ஹைதர்

சூலியா தெருவில் சீனி முகம்மது நடத்திய சாப்பாட்டுக் கடையில் மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் டிரிப் சுவிட்ச் காலையிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. மீன் வைத்திருந்த பெரிய ஐஸ்பெட்டியைப் போட்டால் போதும், கடையே இருண்டுவிடும்.

"வயர்மேனைக் கூப்பிடுங்க," என்றாள் அவர் மனைவி மஹ்பூபா.

"மக்கான் நேரத்துல, எல்லாரும் சாப்பிடப் போறப்ப, எவன் வருவான்லா? மீனெல்லாம் நாறிடும்."

மெயினை அணைத்து, டிரிப் சுவிட்சைத் தாண்டி நேராக ஒரு வயரைக் கொடுத்து, மறுபடி போட்டார். விளக்கு எரிந்தது. அவள் திட்டினாள், அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

சமையற்கட்டை அப்போதுதான் கழுவியிருந்தார்கள். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று ஐஸ்பெட்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தார். அலறல் எழவில்லை. தொண்டையிலிருந்து ஓர் உறுமல் மட்டும் வந்தது. பல் கிட்டித்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பிடித்த கை விடவில்லை.

"அண்ணே!" அவருடைய தம்பி ஹைதர் பாய்ந்து வந்தான்.

"தொடாதே, ஹைதர்!" என்று கத்தினாள் மஹ்பூபா.

அவன் காதில் விழவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினான். மஹ்பூபா பக்கத்திலிருந்த மர ஸ்டூலைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்து விழுந்தவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"கொலகாரி! எங்கண்ணனச் சாக விடுறியா?"

பிடித்த காலை உதற முடியவில்லை. மற்ற காலால் அவன் வாயிலேயே உதைத்தாள். பல் உடையும் சத்தம் கேட்டது. பிடி தளர்ந்ததும் கல்லாவுக்குப் பின்னால் ஓடி மெயினை இழுத்து அணைத்தாள்.

இருட்டில் அவர் தரையில் மோதி விழுந்தார்.

நெஞ்சில் கைவைத்து அழுத்தினாள். விலா எலும்பு நொறுங்குவது உள்ளங்கையில் தெரிந்தும் நிறுத்தவில்லை. அம்புலன்ஸ்காரர்கள்தான் அவளை இழுத்து விலக்கினார்கள். உயிர் முன்பே போயிருந்தது. அவர் உள்ளங்கை கரிந்து கிடந்தது.

அடக்கத்தின்போது ஹைதர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உதட்டில் தையல், முன்பல் இரண்டு இல்லை.

"அண்ணி, அண்ணனோட மய்யித்தக் குளிப்பாட்டுறப்ப அந்தக் கரிஞ்ச கையப் பாத்தேன். நான் தொட்டிருந்தா…" சுவரில் சாய்ந்தான்.

அவளுக்கு அவன் வாயைப் பார்க்கத் தாங்கவில்லை.

"லைசென்ஸ் உள்ள வயர்மேனாப் பாத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போ, தம்பி. அவரு எல்லாத்தையும் பாத்து முடிக்கிற வர கடையத் தொறக்காத."

"சரி அண்ணி."

"ரப்பர் செருப்புப் போட்டுக்க."

அவன் தலையாட்டினான். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.