கைக்குக் கை

அந்த சீரியலில் அம்மாவாக நடித்தவருக்கு அழுவதற்குக் கிளிசரின் வேண்டாம். இயக்குநர் "ம்" என்று சொன்னால் போதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும். இருபது வருடமாக அழுதே வீடு கட்டி, அழுதே பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர். அன்று காலையிலிருந்து மூன்று தடவை அழுதுவிட்டார். மூன்று தடவையும் இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எல்லா சீரியல்லயும் இதேதான் அழறாங்க." அவர் திரும்பி, மூலையில் பாவாடை விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரியைப் பார்த்தார். "அக்கா, நீங்க சொல்லுங்க. நிஜமா அங்க எப்படி?"

கதை இதுதான்: கட்டுப்பாடான ஒரு மதச் சபையிலிருந்து ஒரு பெண் வெளியேறுகிறாள். தையல்காரியைத் துணி தைக்கத்தான் கூப்பிட்டார்கள். முதல் நாளே அவள், சபைப் பெண்களின் சட்டையில் பட்டன் வெளியே தெரியக் கூடாது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நான் அங்கே பிறந்தவள் என்றாள். அதிலிருந்து ஊசி நூலோடு சேர்த்து அவளுடைய வாழ்க்கையும் அந்தக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது.

எதைக் கேட்டாலும் சொல்வாள். அடுத்த தெருவில் யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொல்வாள். குரல் ஏறாது, இறங்காது. நெஞ்சழுத்தக்காரி என்று மேக்கப் போடும் பெண் சொன்னாள். அழுத்தமெல்லாம் இல்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி மரத்துப் போயிருந்தது. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். சாப்பிட்டாள், தூங்கினாள், தைத்தாள், வாடகை கொடுத்தாள். சந்தோஷமா என்று யாராவது கேட்டால் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, தெரியலையே என்பாள்.

"நிஜமா யாரும் அழ மாட்டாங்க," என்றாள் இப்போது. "கதவையும் சாத்த மாட்டாங்க. மௌனத்துல வச்சிடுவாங்க."

மௌனம் என்பது சபையின் தண்டனை. அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். மௌனத்தில் வைக்கப்பட்டவள் அதே வீட்டில் இருக்கலாம், அதே மேசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் யாரும் அவளோடு பேசக் கூடாது. கைக்குக் கை எதையும் கொடுக்கக் கூடாது. தண்ணீர் டம்ளரைக்கூட மேசையில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகுதான் அவள் எடுக்க வேண்டும். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வரை இது நடக்கும். கேட்காதவர்கள் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். அதன்பின் ஆயுளுக்கும் மௌனம்தான். இது தொற்றுநோய் வேறு. மௌனத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேசினால் பேசினவருக்கும் மௌனம். தையல்காரிக்கே அப்படித்தான் வந்தது. மௌனத்தில் இருந்த தோழி தெருவில் எதிரே வந்தபோது, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். மன்னிப்புக் கேள் என்றார்கள். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்து, கடைசிவரை கேட்கவில்லை.

"அப்ப அம்மா என்னதான் பண்ணுவாங்க?" என்றார் நடிகை. தொழிலில் கெட்டிக்காரர். சும்மா விடமாட்டார். "பெத்தவ, பொண்ணு பைய எடுத்துக்கிட்டு நிக்கிறா. ஒண்ணுமே பண்ண மாட்டாளா?"

தையல்காரி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். "டீ போட்டாங்க. டம்ளரை மேசைல வச்சாங்க. ஆனா கைய எடுக்கல. நான் எடுக்கட்டும்னு பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. நான் இந்தப் பக்கம் பிடிச்சேன், அவங்க அந்தப் பக்கம். கொஞ்ச நேரம். அப்புறம் விட்டுட்டாங்க."

நடிகை எழுந்து போய் மேசை முன் நின்றார். "கேமரா ஓடட்டும்," என்றார்.

அவர் அன்று அழவே இல்லை. டம்ளரை வைத்தார். மகளாக நடித்த பெண் கையை நீட்டினாள். நான்கு விரல்கள் இந்தப் பக்கம், நான்கு விரல்கள் அந்தப் பக்கம். நடிகை மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தார். மேக்கப் போடும் பெண் மூக்கை உறிஞ்சினாள். லைட் பிடித்தவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இயக்குநர் கட் சொல்ல மறந்துபோனார்.

தையல்காரிக்கு அழுகை வரவில்லை. ஒன்றுதான் தோன்றியது: அது அம்மாவுடையது. நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அது மனதில் இறங்க மத்தியானம் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் இயக்குநரிடம் போய் நின்றாள்.

"சார், அந்த டம்ளர் சீன் வேண்டாம். எடுத்துடுங்க."

"என்னக்கா விளையாடுறீங்களா? இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் மொத்த சீரியலே."

"எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. அது தெரிஞ்சா அவங்களையும் மௌனத்துல வச்சிடுவாங்க."

"சபைல டிவியே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வீடுங்கள்ல கிடையாது. பெரியவங்க ரூம்ல இருக்கு."

எதிரியான வெளியுலகம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு பெட்டி. எதிரியை அவ்வளவு கவனமாக, ஒரு நாள் விடாமல், விளம்பரம் உட்பட உட்கார்ந்து பார்த்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இந்தக் கம்பெனிக்குத் துணி தைப்பவள் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சபைத் தெருவிலிருந்து வெளியேறிய பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

"கதைதானேக்கா," என்றார் இயக்குநர். கெட்டவரில்லை, முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. "சரி, பாக்கறேன்." பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கம்பெனியில் சம்பளம் கேட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சீன் வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, ஊரே அதைப் பற்றிப் பேசியது. பஸ்ஸில் இரண்டு பெண்கள் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அதே மாதிரி நடித்துக் காட்டிச் சிரித்தார்கள், சிரிப்போடு ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் சில்லறையைக் கொடுக்கும்போது விரலை எடுக்காமல் வேடிக்கை செய்தார். நடிகை ஒரு பொட்டலம் இனிப்போடு தையல்காரியின் கடைக்கே வந்து, "உன் புண்ணியம் கண்ணு," என்றார். அவள் அதை வாங்கி மேசையில் வைத்தாள். பிரிக்கவில்லை. யாரிடமும் கோபம்கூட வரவில்லை. வந்தால் தேவலை போல இருந்தது. அம்மாவை நானே மாட்டிவிட்டேன், எனக்கு வலிக்கக்கூட இல்லை, நான் என்ன ஜென்மம் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டினாள்.

சில நாள் கழித்துத் தம்பி வந்தான்.

கடை வாசலில் நின்றான். அவள் ஊரை விட்டு வந்தபோது மீசை அரும்பாதவன், இப்போது அப்பாவைப் போலத் தோள் அகன்றிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து, துணி மாட்டும் பொம்மையின் முன் நின்றான். தலையில்லாத பொம்மை. அதற்கு அன்று பாதி தைத்த பச்சைச் சட்டை போட்டிருந்தது.

"உங்கிட்டத்தான் சொல்றேன்," என்றான் பொம்மையிடம். பொம்மையோடு பேசக் கூடாது என்று சபையில் சட்டம் இல்லை. "எங்கம்மாவ மௌனத்துல வச்சுட்டாங்க."

தையல் மெஷின் நின்றது.

"பெரியவங்க கூப்பிட்டாங்க. அந்த டம்ளர் உன் வீட்டு டம்ளரான்னு கேட்டாங்க. அவங்களுக்கே இத பெருசாக்க இஷ்டமில்ல. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். அப்பாகூட இல்லன்னு சொல்லுன்னு கண்ணக் காட்டினாரு." அவன் பொம்மையின் தோளில் இருந்த நூலைக் கிள்ளி எடுத்தான். "அம்மா ஆமான்னு சொல்லிட்டாங்க. நான்தான் பிடிச்சுக்கிட்டேன், விட மனசு வரலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க."

"ஏன்டா?" என்றாள் தையல்காரி.

அவன் தாடை அசைந்தது. அவளைப் பார்க்கவில்லை. "ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது," என்றான் பொம்மையிடம். "நானும் அப்பாவும் அவங்ககிட்டப் பேசக் கூடாது. அப்பா தினமும் சோத்தத் தட்டுல போட்டு வச்சிட்டுத் தள்ளி நின்னுக்கறாரு. பாக்க முடியல." பச்சைச் சட்டையின் கழுத்தை நேராக இழுத்துவிட்டான். "அவ்வளவுதான். நீ நல்லா இரு."

பொம்மையின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனான். அவள் திரும்ப மெஷினை ஓட்டினாள். மாலையில் முடித்து எடுத்துப் பார்த்தபோது சட்டையின் இரண்டு கைகளையும் உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்திருந்தாள். பதினைந்து வயதிலிருந்து மெஷினில் உட்காருகிறவள், அப்படி ஒரு தப்பு செய்ததில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள்.

மறுவாரம் ஒரு பகல். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். அம்மா நின்றாள்.

பட்டன் தெரியாத சட்டை. கழுத்துவரை மூடிய அதே சாம்பல் நிறம். தலைமுடி மட்டும் நிறைய நரைத்துவிட்டது. கையில் ஒரு துணிப்பை.

"என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றாள் அம்மா.

அம்மா பேசுகிறாள் என்பது அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. அம்மாவின் குரல் அவள் நினைவில் இருந்ததைவிடக் கட்டையாக இருந்தது. மௌனத்தில் இருந்த கடைசி மாதங்களில் அந்தக் குரல் மற்றவர்களோடு பேசுவதை மட்டும் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"அம்மா, நீ... என்கூடப் பேசறியே. தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? மௌனத்துல வைப்பாங்களா?" அம்மா உள்ளே வந்து பையைக் கீழே வைத்தாள். "வச்சாச்சு. ஒருத்திய ரெண்டு தடவ வைக்க முடியாது. நான் பெரியவங்ககிட்டயே கேட்டுட்டேன். மௌனத்துல இருக்கறவ மௌனத்துல இருக்கறவகிட்டப் பேசினா என்னன்னு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அதுக்கு அவங்ககிட்ட சட்டம் இல்ல."

"அதுக்காகவா ஆமான்னு சொன்ன?"

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், அடுப்பு, ஜன்னலில் காயும் துண்டு. நடிகை கொடுத்த இனிப்புப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் மேசையில் இருந்தது.

"உன் அப்பா என்ன சொல்வாரோன்னு இத்தன வருஷம் பயந்தேன். பெரியவங்க என்ன சொல்வாங்களோன்னு பயந்தேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நின்னப்ப, இல்லன்னு சொன்னா அந்த டம்ளரும் பொய்யாயிடும்னு தோணிச்சு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். எப்படிடி இல்லன்னு சொல்வேன்?" முந்தானைக்குப் பழக்கமில்லாத கை சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தது. "பால் இருக்கா? டீ போடறேன்."

"நான் போடறேன்மா."

"நீ உக்காரு."

தையல்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்தான் அந்த சீனைச் சொன்னேன், என்னால்தான் எல்லாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா பாத்திரங்களை உருட்டினாள், சர்க்கரை டப்பாவைத் தேடினாள், இதெல்லாம் ஒரு சமையலறையா என்று முணுமுணுத்தாள். டீ கொதித்தது. அம்மா டம்ளரோடு வந்து அவள் முன்னால் நின்று நீட்டினாள்.

தையல்காரி காத்திருந்தாள்.

டம்ளர் மேசைக்கு வரவில்லை. அந்தரத்தில் நின்றது. அவள் இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன. அம்மா வைப்பாள், கையை எடுப்பாள், நகர்வாள், பிறகு எடுக்கலாம் என்று அவை பாட்டுக்குக் காத்திருந்தன.

"வாங்கேன்டி," என்றாள் அம்மா. "கை சுடுது."

அவள் கையை நீட்டினாள். விரல்கள் அம்மாவின் விரல்கள்மேல் பட்டன. சூட்டில் அம்மா சட்டென்று விட்டுவிட, இவள் பிடிக்குமுன் டம்ளர் சாய்ந்து, பாதி டீ மடித்து வைத்த துணிமேல் கொட்டியது.

"கழுதை, கைல பிடிக்கத் தெரியாது? எத்தன வயசாகுது உனக்கு! இப்பத்தான் துவைச்சு வச்ச துணி, பாரு, எல்லாம் போச்சு. எழுந்திரு, மேல கொட்டிச்சா? காட்டு கைய. காட்டுன்னு சொல்றேன்ல."

அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். தையல்காரி கையைக் காட்டினாள். புறங்கை சிவந்திருந்தது. வலித்தது, நன்றாகவே வலித்தது. அம்மா நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.