ஆண் குரல் நான்கு

1

இந்தக் கதை என்னிடம் வேலையாகத்தான் வந்தது. பதினொரு நிமிட ஒலிப்பதிவு. கேட்டு, தட்டச்சு செய்து, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். விசாரணைக் குழுக்களுக்கு இப்படி எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. பேசியது யாரென்று தெரியாவிட்டால் ஆண் குரல் ஒன்று, பெண் குரல் இரண்டு என்று எண் போடுவோம். கதை எழுதுவது என் சொந்த வியாதி. அதற்கு யாரும் கெடு வைப்பதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பில் நின்றார். கீழே கூட்டம் சேர்ந்தது. அவர் திரும்பிப் படிக்கட்டு வழியாகக் கீழே வந்தார். உயிரோடு இருக்கிறார். நேற்றுகூட வேலைக்குப் போனார்.

(இதைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்தால் நீங்கள் விறுவிறுப்பாகப் படித்திருப்பீர்கள். அன்று கீழே நின்றவர்களும் அந்த விறுவிறுப்புக்காகத்தான் நின்றார்கள். அதை இங்கேயும் பரிமாற எனக்கு மனம் வரவில்லை.)

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

"அன்று காலை வெயில் சற்றே" — இல்லை. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"அவள் ஏன் மேலே போனாள் என்றால்" — எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். காரணத்தைச் சொன்னதும் 'இதுக்கெல்லாமா?' என்று ஒருவர் கேட்பார். 'பாவம், வேற என்ன பண்ணுவா' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே தீர்ப்புதான். தீர்ப்பு சொல்ல அன்றைக்கே நிறையப் பேர் இருந்தார்கள்.

"கூட்டத்துக்கு முகம் கிடையாது" — பொய். அதிலும் சோம்பேறிப் பொய். கூட்டத்துக்கு முகம் உண்டு, சாப்பாட்டுப் பை உண்டு, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை உண்டு.

நான்காவது தொடக்கம் அந்தப் பதிவேதான். (அலுவலகத் தாளை வெளியே காட்டுவது விதிப்படி தவறு. தெரிந்தேதான் செய்கிறேன்.)

ஆண் குரல் 1: போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, மூஞ்சி தெரியல.
பெண் குரல் 1: ஐயோ, யாராச்சும் மேல போங்களேன்.
ஆண் குரல் 2: நீங்க போங்களேன்.
ஆண் குரல் 3: அட, சும்மா பயம் காட்டுறா. நிஜமா செய்யறவங்க சொல்லிட்டா செய்வாங்க?
(சிரிப்பு)
ஆண் குரல் 4: இறங்கு! சீக்கிரம் இறங்கு!

ஒன்பதாவது நிமிடத்தில் அவர் கட்டடத்திலிருந்து வெளியே வருகிறார். தாளில் (கைதட்டல்) என்று அடித்திருக்கிறேன். அது பாராட்டும் கைதட்டல் இல்லை. பந்தயத்தில் தோற்றவரை வழியனுப்பும் கைதட்டல். "இதுக்குத்தானா இவ்ளோ நேரம் நிக்க வச்ச?" என்கிறது ஆண் குரல் மூன்று. போன்களை யாரும் தாழ்த்தவில்லை. அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லை.

3

எங்கள் தாள்களைச் சரிபார்க்கும் மேடத்தின் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூட வெளியே போகாது. சிவப்புப் பேனாவால் ஓர் இடத்தில் வட்டம் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இங்க சின்ன ர போட்டிருக்க?"

பார்த்தேன். ஆண் குரல் நான்கின் வரியில் 'இரங்கு' என்று அடித்திருந்தேன்.

"இரங்குன்னா இரக்கம் காட்டுன்னு அர்த்தம். அந்தக் கூட்டத்துல போய் இரக்கமா? பெரிய ற போடு."

போட்டேன். பெரிய ற போட்ட பிறகும் அந்தச் சொல் எனக்குச் சரியாகவில்லை. படியில் கால் வைத்து வந்தாலும் இறங்குவதுதான், கால் வைக்காமல் வந்தாலும் இறங்குவதுதான். பின்னால் ஒரு 'வா' இருந்திருந்தால் குழப்பமே இல்லை. 'இறங்கி வா' என்பதற்கு ஒரே பொருள்தான். அந்த 'வா' எங்கேயாவது இருக்கிறதா என்று பதிவை முழுக்க இரண்டு முறை ஓட்டித் தேடினேன். யாருமே சொல்லவில்லை.

4

ஆண் குரல் நான்கை ஒரு பாத்திரமாக்கிப் பார்த்தேன். நடுத்தர வயது, இருசக்கர வண்டி, தலையில் ஹெல்மெட். அவசரத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தேன். பக்கம் ஏற ஏற ஹெல்மெட்காரர் நல்லவராகிக்கொண்டே போனார். ஐந்தாம் பக்கத்தில் அவருக்காக எனக்கே கண் கலங்கியது. அப்போதுதான் நான் செய்துகொண்டிருந்த திருட்டு புரிந்தது.

ஹெல்மெட்காரர் என்று யாரும் இல்லை. ஆண் குரல் நான்கு நான்தான்.

அன்று பத்தே முக்காலுக்கு என் பேருந்து அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. பதினோரு மணிக்குமேல் போனால் எங்கள் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு.* ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினேன். நான் சொன்னது 'வா' என்றா, 'விழு' என்றா? இரண்டும் இல்லை, அதுதான் கேவலம். எனக்கு எதுவானாலும் சரி என்றிருந்தது. பாதை திறந்தால் போதும்.

ஹெட்ஃபோனில் கேட்டபோது யாரோ ஓர் எரிச்சல்காரன் என்று நினைத்துத்தான் எண் போட்டேன். அடுத்த முறை ஓட்டியபோது என் தொண்டை எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணை மாற்றவில்லை. மேடத்திடம் சொல்லவும் இல்லை.

* பதினொன்று ஏழுக்குப் போய்ச் சேர்ந்தேன். விடுப்பு போட்டுவிட்டார்கள்.

5

பத்து நாள் கழித்து, தன் வாக்குமூலத்தையும் அதோடு இணைத்திருந்த அந்தத் தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட அவரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. கூட அவருடைய அண்ணன் வந்திருந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். தங்கையின் கைப்பையைத் தானே பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இந்த ஆண் குரல் நாலு யாருன்னு தெரியுமா?"

"எதுக்குக்கா?"

"ஒரு நன்றி சொல்லணும். அத்தன பேர்ல அந்த ஒருத்தர்தான் என்ன கீழ வரச் சொன்னாரு. அந்தச் சத்தம் காதுல விழுந்துதான் திரும்பினேன்." பேனாவை மூடி மேசையில் வைத்தார். "நேத்து ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டி விட்டேன். என்னையே பாத்தாரு. 'நல்லாத் தெரியுதும்மா, வீடியோல வந்தது நீதானே?'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, தம்பி. இப்படி ஆகும்போதெல்லாம் அந்தக் குரலத்தான் நெனச்சுக்குவேன். ஊர்ல ஒருத்தருக்காவது நான் வேணும்னு இருந்துச்சில்ல?"

"யாருன்னு தெரியலையேக்கா," என்றேன்.

என் குரலை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தலையசைத்துவிட்டுப் போனார்.

6

இனி முடிவு வேண்டும்.

முதல் முடிவு: நான் வாயைத் திறப்பதில்லை. அவர் பிடித்துக்கொண்டிருப்பது பொய்தான் என்றாலும் அது அவரைத் தாங்குகிறது. இந்தக் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருக்கலாம். (அவருடைய நன்மைக்காக என்று எழுதியிருந்தேன். அந்த வார்த்தையை அடித்தேன். என்னுடைய நன்மைக்காக.)

இரண்டாம் முடிவு: சொல்கிறேன், அவர் அழுகிறார், 'எதுவா இருந்தா என்ன, உன் குரலாலதான் வந்தேன்' என்று மன்னிக்கிறார். இதை மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போது சுகமாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் வாயில் என் மன்னிப்பை நானே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முடிவு: சொல்கிறேன், அதற்குப் பிறகு அவர் — இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. யார் கேட்டாலும் முடிக்க மாட்டேன்.

மூன்றும் ஆகாதபோது ஒரு கதைக்காரன் செய்யக்கூடிய மிச்ச வேலை, மேசையை விட்டு எழுந்திருப்பது. எழுந்து அவருடைய அண்ணனைப் பார்க்கப் போனேன்.

7

சனிக்கிழமை மதியம். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த நாலாவது குரல் என்னுதுண்ணே."

"எது?"

"இறங்குன்னு கத்தினது. அவங்கள வரச் சொல்லிக் கத்தல. எனக்கு லேட்டாச்சுன்னு கத்தினேன்."

குழாயிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி மேல நிக்கிறா. உனக்கு லேட்டாச்சு."

"ஆமாண்ணே. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். அவங்ககிட்ட குடுக்கலாமா, வேணாமான்னு தெரியல."

"இங்க நிக்காத. கைய நீட்டிடுவேன்."

போய்விட்டேன். மூன்றாம் நாள் அவரே போனில் கூப்பிட்டார்.

"அவ பாக்குற டாக்டரம்மாகிட்ட கேட்டேன். என்னைக்கோ யார் வாயாலயோ தெரியறதுக்கு, பக்கத்துல ஆள் இருக்கும்போது தெரியட்டும்னாங்க. எழுதினத எடுத்துட்டு வீட்டுக்கு வா. நான் அடுத்த ரூம்லதான் இருப்பேன்."

"கோவப்பட்டாங்கன்னா?"

"படட்டும். படக்கூடாதா? அவ போன்னு சொன்னா போயிடு. சொல்லாத வரைக்கும் உக்காந்திரு. நீயா எந்திரிச்சு வராத."

அக்கா, இதுவரை உங்களை 'அவர்' என்றே எழுதி வந்தேன். முகத்தைப் பார்த்து எழுதத் தைரியம் வரவில்லை. நான்கு தொடக்கமும் மூன்று முடிவும் அந்தத் தைரியம் வருவதற்காக நான் சுற்றிய சுற்றுதான். இது அச்சில் வந்தால் நீங்கள் சம்மதித்தீர்கள் என்று பொருள். வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அன்றைக்கு உங்களை வரச் சொல்லி யாருமே கூப்பிடவில்லை, அக்கா. நானும் கூப்பிடவில்லை. நீங்களேதான் திரும்பினீர்கள். நீங்களேதான் அத்தனை படியும் இறங்கி வந்தீர்கள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

இதற்குமேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. கோபப்படுங்கள், திட்டுங்கள், பேசாமல் இருங்கள், போகச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.