பானெட்டுக்குள் ஒரு சிவப்புக் கம்பி

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வியும் என்னுடையதல்ல. ஒரு பட்டறையில் நண்பரின் சின்னக் கார் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே குறுக்காக ஒரு கம்பி. முன்சக்கரங்களின் ஷாக் அப்சார்பர்கள் மேலே வந்து முடிகிற இரண்டு மேடுகளையும் அது சேர்த்துப் பிடித்திருந்தது. "இது எதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "வளைவுல வண்டி ஆடாது," என்றார் நண்பர். "சும்மா அழகுக்கு," என்றார் அவர் மனைவி. மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முழித்த முழியில் எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

(இரண்டு மேடு, நடுவில் ஒரு கம்பி என்றதும் கணவன், மனைவி, குழந்தை என்று ஓர் உருவகம் ஓடிவந்து கதவைத் தட்டியது. வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில்..." வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது.

இரண்டாவது: "வளைவு என்பது வாழ்க்கையில்..." ஐயோ, சத்தியமாக வேண்டாம்.

மூன்றாவது: தம்பி மெக்கானிக். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இப்படியே தொடங்கித் தொலைக்கிறேன்.

தம்பிக்கு அக்கா வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் அவன் சொல்லும் பதில் அதுதான். அக்கா அப்படியல்ல. ஒரு ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவள், ஒரு மழைநாளில் மலைப்பாதை வளைவில் வண்டி வழுக்கி ஓரச் சுவரை உரசி நின்றதிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. (மழை வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.) அடி ஒன்றும் இல்லை. பயம்தான் ஒட்டிக்கொண்டது.

இந்த நேரம் பார்த்துப் பதவி உயர்வு வந்தது. மலை மேலுள்ள கிளைக்கு இனி அவள்தான் பொறுப்பு. அந்த வழியில் பஸ் கிடையாது. வண்டி ஓட்டினால் அந்த வேலை, இல்லாவிட்டால் இல்லை.

3

தம்பி வண்டியைப் பார்த்தான். டயர் நான்கும் மொட்டை. புது டயர் போட்டான். கூடவே, அக்கா மனசு தேறட்டும் என்று அந்தக் கம்பியையும் சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டினான்.

"டயர்தான்க்கா போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

"அது கிடக்கட்டும். இது என்னடா, செவப்பா?"

"அது... வளைக்கும்போது பாடி கொஞ்சம் முறுக்காம இருக்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் டக்குனு கேக்கும்."

"கொஞ்சமா?"

அவன் அக்கா முகத்தைப் பார்த்தான். "நிறையவேக்கா," என்றான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பந்தயத்தில் வேகமாக வளைப்பவருக்கு இதன் அருமை தெரியும். நிதானமாக வேலைக்குப் போகிற சின்னக் காரில் தெரியுமா என்றால், தெரியும் என்று நினைப்பவருக்குத் தெரியும். வழுக்குகிற டயருக்கு இது பிடிப்பைத் தராது. விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

அக்கா ஓட்டத் தொடங்கினாள். முதலில் தெருவுக்குள், பிறகு கடைவீதி, பிறகு மலையடிவாரம் வரை. "வண்டி சொன்ன பேச்சு கேக்குதுடா!" என்றாள். டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

4

இங்கேதான் எனக்குத் தம்பி மேல் சந்தேகம் வந்தது. இவனை இவ்வளவு நல்லவனாக எழுதிக்கொண்டே போனால் கதை படுத்துவிடும். ஆகவே கொஞ்சம் மறதியைக் கொடுத்தேன்.

முன்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது என்று அக்கா வண்டியைப் பட்டறையில் விட்டாள். ஷாக் அப்சார்பருக்கு மேலுள்ள ரப்பரை மாற்றுவதற்காகத் தம்பி கம்பியைக் கழற்றினான். ரப்பரை மாற்றினான், நட்டுகளை முறுக்கினான், வண்டியைக் கொடுத்தனுப்பினான். கம்பி சுவரோரம் சாய்ந்து நின்றது. அதில் கைதுடைக்கிற துணியைக் காயப்போட்டதும் அவனேதான். காய்ந்த துணியை எடுக்கும்போதுதான் பகீரென்றது.

போனை எடுத்தான். அதற்குள் அக்காவே கூப்பிட்டாள்.

"டேய், இன்னைக்கு மலை ஏறி இறங்கிட்டேன்டா! அதே வளைவு! அந்தக் கம்பிக்குக் கோயிலே கட்டலாம் போ!"

"அக்கா..."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு வண்டிய ஒரு தடவ கொண்டு வாயேன்."

அவள் வரவில்லை. நாமே நாளைக்குப் போய் மாட்டிவிடலாம் என்று அவனும் இருந்துவிட்டான்.

5

இப்போது முடிவு. முதல் முடிவில் அவன் திருட்டுத்தனமாக மாட்டிவிடுகிறான், எல்லாம் சுபம். எழுதிப் பார்த்தேன். ஆயுள் முழுக்க அக்கா ஒரு கம்பிக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பாள். கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் அவன் உண்மையைச் சொல்கிறான், அக்கா சாவியைத் தூக்கி எறிந்து... பாவம், அவள் பதவி உயர்வு என் கையாலா போக வேண்டும்?

நான் இப்படி இழுத்தடிப்பதற்குள் பொறுப்பேற்கிற நாள் வந்துவிட்டது. காலையில் தம்பி கம்பியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினான். அங்கே அக்காவோடு மேலே வேலைக்கு வரவேண்டியவள் நின்றிருந்தாள். மலைப்பாதை என்றாலே அவளுக்கு உதறல்.

"பயப்படாம ஏறு. எங்கிட்ட என்ன இருக்குன்னு காட்டறேன் வா," என்று அக்கா பானெட்டைத் தூக்கினாள்.

நான்தானே எழுதுகிறேன். 'கம்பி அங்கே இருந்தது' என்று ஒரு வரி போட்டால் போதும். போட்டும் பார்த்தேன். ஆனால் தம்பி கையில் சாக்கு இருக்கிறதே!

6

அக்கா காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு சாக்கைப் பார்த்தாள்.

"எப்ப கழட்டின?"

"ரப்பர் மாத்தும்போது."

"அப்ப நான் மலை ஏறினப்ப?"

"இல்லக்கா."

"அந்த வளைவுல?"

"இல்ல. இதோ மாட்டிடறேன்க்கா, ஒரு நிமிஷம்..."

(இந்த இடத்தில் கூட வேலை செய்பவள், "அப்ப நீங்களேதான் ஓட்டியிருக்கீங்க!" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். கைதட்டல் வாங்குகிற வசனம். அடித்துவிட்டேன். உண்மையில் அவள் ஓரடி பின்வாங்கினாள்.)

"வேண்டாம்," என்றாள் அக்கா. பானெட்டைச் சாத்தினாள். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். கியரைப் போடுகிறாள், எடுக்கிறாள், மறுபடி போடுகிறாள்; பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தம்பி சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். கூட வேலை செய்பவள் கதவில் கைவைத்தாளே தவிர, திறக்கவில்லை.

அக்கா போய்விட்டாள் என்று எழுத எனக்கு... இறங்கிவிட்டாள் என்று எழுதவும்...

பின்சீட் காலியாக இருக்கிறது. நான் ஏறினால் செல்லாது. வளைவில் என்ன ஆகும் என்று கதை எழுதுகிற இவருக்கு முன்னமே தெரியும், அதனால்தான் துணிந்து ஏறுகிறார் என்று அக்கா நினைத்துக்கொள்வாள். வாசிக்கிற உங்களுக்குத் தெரியாது. அக்கா பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை உங்கள் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு கேட்கிறாள்:

"வர்றீங்களா, இல்லையா?"