எட்டுக் குதிரையும் இரண்டு சகலைகளும்

வீட்டுப் பின்புறத்தில், தண்ணீர் நிரப்பிய நீலப் பீப்பாயின் விளிம்பில் மாட்டிவிட்டால் அந்த மோட்டார் ராஜா மாதிரி ஓடும். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். பக்கத்துத் துளை வழியாகத் தண்ணீரை ஒழுங்காகப் பீய்ச்சும். அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும்வரை ஓயாது. அதையே படகில் பூட்டி ஏரிக்குள் கொண்டுபோனால், பத்தாவது நிமிடம் இருமும், தும்மும், நின்றுவிடும்.

மோட்டாரின் சொந்தக்காரரான பேருந்து ஓட்டுநருக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். மாமியார் வீட்டுக்கு ஏரியைச் சுற்றிப் போனால் நாற்பது கிலோமீட்டர், குறுக்கே போனால் நாலே நாலு. அதை நம்பித்தான் அந்த எட்டுக் குதிரைச் சக்தி மோட்டாரைப் பழையதாக வாங்கினார். வாங்கிய மூன்று மாதத்தில் பிளக்கை மாற்றிப் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். மோட்டார் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் துணை அவருடைய சகலைதான். மனைவியின் தங்கையைக் கட்டியவர், இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டே வேலை செய்து பழகியதாலோ என்னவோ, அதிகம் வாய் திறக்கமாட்டார். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். படகில் மட்டும் ஏறமாட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

ஓட்டுநருக்குச் சகலைமேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. மாமியார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். சின்ன மாப்பிள்ளை திரைச்சீலை தைத்துக் கொடுத்தார், சின்ன மாப்பிள்ளை தலையணைக்கு உறை போட்டார். பெரிய மாப்பிள்ளை போனால், "கதவ மெதுவா சாத்துங்க" என்பதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டுநரின் மனைவி போன் செய்தாள். அக்காவும் தங்கையும் முந்தின நாளே அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"பயப்படாதீங்க. அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. கணுக்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிருக்கு. லிஃப்ட் வேலை செய்யல. மூணு மாடி இறக்கணும், எங்களால தூக்க முடியல. ரெண்டு பேரும் உடனே வாங்க."

ஞாயிற்றுக்கிழமையில் அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். அது ஓட்டுநருக்கு மனப்பாடம். அவர் சகலையைப் பார்த்தார். சகலை ஏரி இருக்கும் திசையைப் பார்த்தார்.

"போயிடலாம்ணே," என்றார் தையல்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பீப்பாயிலிருந்து மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய்ப் படகில் பூட்டினார்கள். படகில் மிதவைச் சட்டை இரண்டு இருந்தன. ஒன்றை ஓட்டுநர் மாட்டிக்கொண்டார். இன்னொன்றைத் தையல்காரர் மாட்டி, எல்லா வாரையும் இறுக்கி, தையல் சரியாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்துக்கொண்டார். பிறகு படகின் நடுப்பலகையில், கண்ணை மூடாத குறையாக உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் நன்றாகவே போனது. ஏரியின் நடுவுக்கு வந்ததும் மோட்டார் இருமியது, தும்மியது, நின்றது.

ஓட்டுநர் டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பார்த்தார், திறந்துதான் இருந்தது. பெட்ரோல் குழாய் இரண்டு முனையிலும் கெட்டியாகப் பொருந்தியிருந்தது. கயிற்றை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. துடுப்பு ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தக் காற்றில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மாமியாருக்குக் கால் தானாகவே ஆறிவிடும்.

"அண்ணே, இது ஆடுதே."

"தண்ணியில ஆடாம சுவத்துலயா ஆடும்? எதையாவது பிடிச்சிக்கிட்டு உக்காரு."

தையல்காரர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் உருண்டை உண்டு. கிளம்புவதற்கு முன் அதை நாலு தடவை அமுக்கிப் பெட்ரோலை ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் மோட்டாரே இழுத்துக்கொள்ளும். அந்த உருண்டைதான் அவர் கையில் அகப்பட்டது. அலை வரும்போதெல்லாம் பயத்தில் அதைப் பிசைந்தார்.

ஓட்டுநர் மறுபடி கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. படகு நேராகிப் பாய்ந்தது. போன உயிர் திரும்பியதில் தையல்காரர் கையை எடுத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். மோட்டாரின் குரல் கம்மியது.

ஓட்டுநர் மோட்டாரைப் பார்த்தார். உருண்டையைப் பார்த்தார். சகலையின் கையைப் பார்த்தார்.

"டேய், விடாதே! அதை அமுக்கு!"

இத்தனை வருடத்தில் சகலையை அவர் "டேய்" என்றது அதுதான் முதல் தடவை. தையல்காரர் அமுக்கினார். குரல் தேறியது.

"அப்படியே அமுக்கிக்கிட்டே இரு. பெட்ரோல் பம்ப்புதான்டா வேலை செய்யல! பீப்பாயில சும்மா நின்னு ஓடும்போது கொஞ்சமா குடிக்கும், அதுக்கு அது போதும். இங்க நம்ம ரெண்டு பேரையும் இழுக்கணுமே, பத்தல. மூணு மாசமா இந்த மரமண்டைக்கு உறைக்கல பாரு!"

மோட்டார் சத்தத்தில் தையல்காரருக்குப் பாதிதான் கேட்டது. கேட்டதை வைத்து அவர் தையல் இயந்திரத்தை மிதிக்கிற தாளத்தைப் பிடித்துக்கொண்டார். சீராக, ஒரு தையல்கூட விட்டுப்போகாத மாதிரி அமுக்கினார். வலது கை மரத்துப்போனால் இடது கை. அக்கரை வரும்வரை அவர் தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் மாடியில் மாமியார் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தையல்காரர் இன்னும் கழற்றாத மிதவைச் சட்டையைப் பார்த்தார்.

"சின்ன மாப்பிள்ளையா? படகிலயா வந்தீங்க? வாளித் தண்ணியப் பாத்தாலே ஒதுங்கி நிப்பீங்களே!"

'ஆரம்பமாயிடுச்சு' என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டார்.

"அண்ணன் ஓட்டினாங்க அத்தை. அதான் ஏறினேன். வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்," என்றார் தையல்காரர்.

ஓட்டுநர் குனிந்து நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார். சகலை முதுகுப் பக்கத்தைப் பிடித்தார். ஒருவர் "ம்" என்றால் மற்றவர் ஒரு படி இறங்கினார். மூன்று மாடியும் அப்படியே இறங்கினார்கள். மாமியார் வழியெல்லாம் இருவரையும் பொதுவாகவே திட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார்கள். இறுக்கமாகக் கட்டுப் போட்டு, ஒரு வாரம் காலை ஊன்றாமல் இருக்கச் சொன்னார்கள். மகள்கள் இருவரும் கூட இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

மாலையில் சகலைகள் கரைக்குத் திரும்பி, படகைக் கட்டியிருந்த இடத்திலேயே பெட்ரோல் பம்ப்பைக் கழற்றினார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள், நாலே திருகு. உள்ளே மெல்லிய ரப்பர் துணி மாதிரி ஒரு டயாஃப்ரம். அது துடித்துத்தான் பெட்ரோலை இழுக்க வேண்டும். ஓட்டுநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு?"

தையல்காரர் அதை வாங்கி, இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, சாய்ந்த வெயிலுக்கு நேரே தூக்கினார். கடைக்கு வரும் துணியை அவர் பார்க்கிற விதமே அதுதான்.

"இங்க பாருங்கண்ணே. மடிப்பு ஓரத்துல. ஊசி ஏறின மாதிரி."

கடுகில் பாதிகூட இல்லாத வெளிச்சப்புள்ளி ஒன்று அதில் தெரிந்தது.

"மூணு மாசம்," என்றார் ஓட்டுநர். "ஸ்பேனர் எடுத்துக் குடுக்க உன்னை உக்கார வச்சேனே, என்னைச் சொல்லணும்." பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். தையல்காரரும் தோள் குலுங்கச் சிரித்தார்.

அதே டயாஃப்ரத்தைத் திரும்பப் பூட்டினார்கள், வேறு வழியில்லை. படகில் ஏறும்போது ஓட்டுநர் நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ பின்னால போ. கைப்பிடியை நீ பிடி."

"அண்ணே, எனக்கு..."

"உன் கை ரெண்டும் வீங்கிக் கிடக்கு. நாளைக்குக் கத்திரி பிடிக்க வேணாமா? நான் அமுக்குறேன். வலப்பக்கம் போகணும்னா கைப்பிடியை இடப்பக்கம் தள்ளு, அவ்வளவுதான்."

படகு முதலில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. ஓட்டுநருக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டார். பாதித் தூரத்தில் கோடு நேராகியது. இருட்டுவதற்குள் கரை சேர்ந்தார்கள்.

புதன்கிழமை புது டயாஃப்ரம் வந்தது. சனிக்கிழமை தையல்காரரே திருகுகளை முடுக்கினார். ஒரேயடியாக இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஏரியைப் பதினேழு நிமிடத்தில் கடந்தார்கள். நடுவில் ஒரு தடவைகூட மோட்டார் சுருதி தப்பவில்லை.

"இன்னும் பயமா இருக்கா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"இருக்குண்ணே," என்றார் தையல்காரர். "ஆனா அடுத்த வாரம் போறப்பவும் சொல்லுங்க."