ஈரம் எழுபத்தொன்று

விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் கேப்சூல் கம்பெனியின் உலர் அறையில் ஒன்பது பெண்களும் தலையோடு கால் வெள்ளையாகிவிட்டார்கள். மீன் எண்ணெய் கேப்சூல்கள் காயாமல் தட்டுத் தட்டாக ஒட்டிக் கிடந்தன. துணிப்பையில் மாக்கல் பொடியை நிரப்பி, தட்டின்மேல் தட்டித் தூவி, உள்ளங்கையால் உருட்டிப் பிரிக்க வேண்டும். பொடி இமையில் ஏறியது, நாக்கில் வழவழத்தது. வெளியே அல்லிநகரத்தில் மூன்று நாளாக ஐப்பசி மழை.

ஈரத்தை உறிஞ்சும் எந்திரம் பழுதாகி ஒரு மாதமாயிற்று. மழைக்காற்று உள்ளே வருமென்று தூசியை இழுக்கும் விசிறியையும் அடைத்துவிட்டார்கள். ஒரு பை தூவிய தட்டுக்கு இப்போது நாலு பை.

உமாதேவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மணிக்கொரு தரம் சுவரிலிருக்கும் ஈர மீட்டரைப் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். ஆறு மணிக்கு மீட்டர் எழுபத்தொன்று காட்டியது. முப்பது என்று எழுதினாள். “முப்பதத் தாண்டுனா சரக்கு வெளிய போகாது தாயி” என்று சூப்பர்வைசர் சண்முகராஜ் சொல்லி வைத்திருந்தார். நம்பர்தானே, யாரைக் கடிக்கப் போகிறது என்று அன்றைக்கு நினைத்தாள்.

ஆறரைக்கு மொக்கம்மாள் இரும ஆரம்பித்தாள். இருமல் நிற்கவில்லை. கையிலிருந்த தட்டோடு சரிந்தாள். முற்றத்துத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்து சாய்த்தபோது அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. ஏஞ்சல் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

முதலாளி விஜய்ராஜின் கார்தான் முதலில் வந்தது.

“திரும்பி வந்த சரக்கப் பாத்தீகளா? அம்புட்டும் கொழுக்கட்டையா ஒட்டிக் கெடக்கு. எல்லாம் மொக்கம்மா தட்டு. டி.பி.யா இருக்கும், வீட்டோட இருக்கச் சொல்லுங்க.”

“பதினோரு வருசமா இங்கன தூவுறேன் மொதலாளி,” என்றாள் மொக்கம்மாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. “வர்றப்ப... இருமலு இல்ல.”

“மிசினச் சரி பண்ணுனா ஏன் ஒட்டுது? அடச்ச பேனத் தொறந்து விட்டா ஏன் இருமுது?” என்றாள் ஏஞ்சல்.

விஜய்ராஜ் லாக் புக்கை விரித்துக் காட்டினார். “முப்பது, முப்பது, முப்பது. ரூம்ல ஏதும்மா ஈரம்? எழுதுனது ஒங்க ஆளுதான்.”

எல்லோரும் உமாதேவியைப் பார்த்தார்கள். மொக்கம்மாளும் பார்த்தாள்.

“நீயா ஆத்தா?”

திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. உமாதேவி புத்தகத்தை வாங்கினாள். ஆறு மணிக்கு எழுதிய முப்பதை அடித்து எழுபத்தொன்று என்று எழுதினாள்.

“நான் எழுதுனது பொய்யி. மீட்டரு உள்ளதான் தொங்குது, வந்து பாருங்க.”

“அப்ப குத்தவாளி நீதான். போலீசு ஒன்னத்தான் பிடிக்கும்.”

அது நிஜமாகவும் இருக்கலாம். உமாதேவி புத்தகத்தை மூடவில்லை. ஏஞ்சல் பேனாவைப் பிடுங்கினாள். “நானும் பாத்தேன்” என்று அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு முனீஸ்வரி. பிறகு ஒவ்வொருத்தியாக.

“மிசினு ஓடுற வரைக்கும் பையத் தொட மாட்டோம்,” என்றாள் ஏஞ்சல்.

“பொட்டிப்புரத்துலருந்து நாளைக்கே பத்துப் பேர எறக்குவேன்!”

“எறக்குங்க. அவுகளுக்கும் மீட்டரக் காட்டுவோம்.”

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மொக்கம்மாள் உமாதேவியின் கையைப் பிடித்தாள். “எனக்கும் கொண்டா.” கையெழுத்துத் தெரியாதவள். கேப்சூல் பிசுக்கும் மாக்கல் பொடியும் அப்பியிருந்த பெருவிரலைத் தாளில் அழுத்தினாள். எண்ணெய்க் கறையில் வெள்ளையாய் ரேகை விழுந்தது. ஏஞ்சல் அவளோடு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மணி எட்டு. உமாதேவி உள்ளே போய் மீட்டரைப் பார்த்தாள். மற்ற ஆறு பேரும் கூடவே போய் எட்டிப் பார்த்தார்கள். எழுபத்திரண்டு என்று எழுதினாள்.